குழாயின் மறுமுனையில் யார்?

"தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்" என்று அந்த விசாரணை அறிக்கை முடிந்திருந்தது. ஒரே ஒரு பக்கம். எல்லாரும் படித்தோம், கையெழுத்துப் போட்டோம், கோப்பில் சேர்த்தாயிற்று. எனக்கு மட்டும் அந்தக் கடைசி வரி இன்றுவரை செரிக்கவில்லை. கட்டடப் பராமரிப்பில் இருப்பவன் நான். பிளம்பர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பதும், அவர்கள் கொண்டுவரும் பாதுகாப்புத் திட்டத் தாள்களைச் சரிபார்த்து வைப்பதும் என் அன்றாடம். அந்தக் குறிப்பிட்ட தாள் என் மேசைக்கு வந்ததல்ல, வேறொரு பிரிவினுடையது. ஆனால் அதைப் போன்ற தாள்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன் என்பதால்தான் விட்டுவிட முடியவில்லை.

நடந்தது இதுதான். அடித்தளத்தில் மோட்டார் அறை. மோட்டாரிலிருந்து மேல்தொட்டிக்கு ஏறும் குழாயில் இருந்த நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது ஏறிய தண்ணீரைத் திரும்பி இறங்கவிடாத வால்வு, பழுது. தண்ணீர் திரும்பி இறங்கிக்கொண்டே இருந்ததால் மோட்டார் அடிக்கடி ஓடியது. வால்வை மாற்ற இரண்டு பேர் போனார்கள். ஹெல்மெட், கிளவுஸ், ஷூ எல்லாம் போட்டிருந்தார்கள். ஏணியும் நல்ல ஏணி. நான்கு பக்கத் திட்டத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக். மேலே நிற்கிற தண்ணீர் கீழே கொட்டிவிடக் கூடாது என்று மேல்பக்கத்து கேட் வால்வை அடைத்தார்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். பல மாடிக் கட்டடத்தில் அது விளையாட்டு இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய வால்வைக் கழற்றினார்கள். புதியதைத் தூக்கி வைத்து ஒருவர் ஏணியில் நின்று போல்ட்டைச் செருகிக்கொண்டிருந்தபோது மோட்டார் ஓட ஆரம்பித்தது. திறந்து கிடந்த ஃப்ளாஞ்சிலிருந்து, அதாவது போல்ட் போட்டு இணைக்கும் குழாய் விளிம்பிலிருந்து, தண்ணீர் நேராக அவர் நெஞ்சில் அடித்தது. ஏணியிலிருந்து விழுந்தவருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மோட்டாரை யாரும் போடவில்லை. மேல்தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் தொங்குகிறது. காலையில் தொட்டி நிறைந்திருந்தது, அதனால் மோட்டார் சும்மா இருந்தது. நேரம் ஆக ஆக மாடிகளில் இருந்தவர்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், மட்டம் இறங்கியது, ஃப்ளோட் சாய்ந்தது, மோட்டாரை இயக்கும் மின்பலகையான பேனல் தன் கடமையைச் செய்தது. திட்டத்தில் "மின்இணைப்பு துண்டிக்கப்பட்டதா?" என்ற கட்டத்தில் டிக் இருந்ததே என்று கேட்கலாம். அந்த டிக் பொய்யில்லை. கிளாம்ப் அடிக்கத் துளை போட்டு முடித்ததும் டிரில் மெஷினின் எக்ஸ்டென்ஷன் வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த மின்சாரம் அதுதான், அதைத் துண்டித்தார்கள். எந்த மின்சாரம் என்று தாள் கேட்கவே இல்லை.

இதில் யாருடைய கவனம் குறைந்தது? மேலே குழாயைத் திறந்தவரிடம் கேட்க முடியாது. ஃப்ளோட் சுவிட்சிடமும் கேட்க முடியாது. ஓடாமல் இருக்கிற மோட்டாரும் நிறுத்தி வைக்கப்பட்ட மோட்டாரும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தைக் காட்டுவதற்குத்தான் திட்டம் என்று ஒன்று எழுதுகிறோம். நான்கு பக்கத்தில் அது வரவில்லை என்றால், விழுந்தவரைக் குறை சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

கண்ணுக்குத் தெரியாத பக்கம்

இதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. தச்சருக்கும் கொத்தனாருக்கும் ஆபத்து பெரும்பாலும் அவர்கள் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. பிளம்பருக்கு அப்படி இல்லை. அவர் ஒரு குழாயின் ஒரு முனையில் குந்தியிருக்கிறார். அதன் மறுமுனை இன்னொரு மாடியில், இன்னொரு வீட்டில், தெருவுக்கு அடியில் இருக்கிறது. அங்கே யாரோ எதையோ திறக்கிறார்கள், ஊற்றுகிறார்கள், போடுகிறார்கள். அது இவரிடம் வந்து சேர்கிறது. நம்முடைய பாதுகாப்புத் திட்டங்களோ முழுக்க முழுக்க இந்த முனையைப் பற்றியே பேசுகின்றன. என்ன ஷூ, என்ன கிளவுஸ், முதலுதவிப் பெட்டி எங்கே என்று.

கழிவுநீர்ப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அடைத்த சிங்க்கின் அடியில் படுத்து டிராப்பை, அதாவது அங்கே வளைந்திருக்கும் குழாயை, கழற்றுவது பிளம்பரின் மிகச் சாதாரண வேலை. யாரும் அதற்கு ஒரு திட்டம் போடுவதில்லை, போடவும் தேவையில்லை என்றே நானும் சொல்லியிருப்பேன். ஆனால் பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பாட்டில் ஊற்றியிருப்பார்கள். காஸ்டிக் சோடா கலந்தது ஒன்று. அது வேலை செய்யவில்லை என்றால் ஆசிட் கலந்தது இன்னொன்று. இரண்டும் அடைப்புக்கு மேல் தேங்கி நிற்கும்போது சூடேறிக் கொதித்துத் தெறிக்கும். ப்ளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். டிராப்பின் நட்டைத் தளர்த்துகிறவரின் முகம் அதற்கு நேர் கீழே இருக்கும். இதற்கான திட்டம் ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். "ஏதாவது ஊத்தினீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் "இல்லையே" என்பார்கள். தப்பு செய்ததுபோல் ஒரு கூச்சம். எங்களிடம் வரும் பிளம்பர் ஒருவர் அப்படிக் கேட்பதில்லை. "ஊத்தின பாட்டிலை எடுத்துட்டு வாங்கம்மா, பார்த்துட்டு வேலையை ஆரம்பிக்கிறேன்" என்பார். பாட்டில் வந்துவிடும். சில சமயம் இரண்டு வரும். இரண்டு வந்தால் கண்ணாடியோடு முகக்கவசமும் போட்டுக்கொண்டு, அடியில் பிளாஸ்டிக் வாளி வைத்து, பக்கத்தில் கழுவத் தண்ணீரும் வைத்துக்கொண்டுதான் நட்டில் கை வைப்பார்.

மாடிக் கட்டடத்தில் குழாய்கள் இறங்கும் டக்ட்டுக்குள் கழிவறைக் குழாயை அறுக்கும்போது மேல்மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டாம். அதில் சிரிப்பதற்கு இருக்கும் அளவுக்கு நோய்க்கும் இடம் இருக்கிறது. எந்தெந்த வீடுகள் அந்தக் குழாயில் சேர்கின்றன, ஒவ்வொன்றிலும் கதவைத் தட்டிச் சொன்னது யார், திறக்காத வீட்டுக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் திட்டம். நோட்டீஸ் ஒட்டியதைச் சொன்னதாகக் கணக்கு வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. நோட்டீஸைப் படிப்பவர்கள் உண்டு, படித்துவிட்டு மறப்பவர்களும் உண்டு.

வெந்நீரில் இன்னொரு சங்கடம். சேமிப்புத் தொட்டியில் வெந்நீரை 60 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகும் லீஜியோனெல்லா கிருமியை ஒடுக்க அது வேண்டும். அதே 60 டிகிரித் தண்ணீர் தோலில் பட்டால் சுமார் 5 நொடியில் ஆழமான புண். வீட்டாருக்குப் பாதுகாப்பான வெப்பநிலைதான் பைப்பைக் கழற்றுகிறவருக்கு ஆபத்து. ஆகவே ஹீட்டரை அணைத்துத் தண்ணீரை ஆறவிட்டு வடிக்கும் நேரத்தையும் வேலை நேரத்தில் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும். அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டு வருகிறவர் ஆறும்வரை காத்திருக்க மாட்டார்.

உலோகக் குழாய் இருக்கும் பழைய கட்டடங்களில் மறுமுனையிலிருந்து வருவது மின்சாரம். அந்தக் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள், அல்லது எங்கோ ஒரு ஹீட்டர் கசிந்து குழாயில் மின்சாரம் இறங்கிக்கொண்டிருக்கும். குழாய் முழுதாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஹாக்ஸாவால் அறுத்து முடித்து இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்த நொடியில், அறுந்த இடத்தை இணைக்கும் கம்பி அவர் உடம்புதான். அறுப்பதற்கு முன்னால் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும், இரு பக்கமும் கிளாம்ப் போட்டுக் கனமான ஒரு தற்காலிகக் கேபிளால் இணைத்துவிட்டு அறுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்பவர்களை நான் பார்த்தது மிகவும் அபூர்வம். இன்னொன்று, உலோகக் குழாயை எடுத்துவிட்டு நடுவில் பிளாஸ்டிக் போட்டால் எர்த் தொடர்பும் அங்கே அறுந்துபோகும். அதை எலக்ட்ரீஷியனிடம் சொல்வதும் அதே திட்டத்தில் வர வேண்டிய வரி.

மூக்கை நம்ப முடியாத இடம்

தொட்டிக்குள்ளும் மேன்ஹோலுக்குள்ளும் இறங்கும் வேலைகளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. இங்கே மறுமுனையிலிருந்து வருவது காற்று. கழிவு அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். அழுகிய முட்டை வாடை 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவாக இருக்கும்போதே மூக்குக்கு எட்டிவிடும். அதனால் "வாடை வந்தால் ஏறிவிடுவேன்" என்று நம்புகிறார்கள். ஆனால் 100 பிபிஎம் அளவுக்குப் போனதும் மூக்கு மரத்துவிடும். வாடை நின்றுபோனதைப் பார்த்து வாயு கலைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு படி இறங்குவார்கள். 700-ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சில் மயக்கம். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, விளக்கு இறக்கிப் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டு திரிகிற வழிகளுக்கு இதில் வேலையே இல்லை. மீத்தேன் 5 சதவீதம் சேர்ந்திருந்தாலே காற்று வெடிக்கும் நிலையில் இருக்கும், அங்கே தீக்குச்சியா?

கழிவு இல்லாத இடம் பத்திரம் என்பதும் தப்பு. துருப்பிடிக்கும் மூடிய இரும்புத் தொட்டியில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். புதிதாகக் கோட்டிங் அடித்த நல்ல தண்ணீர்த் தொட்டியில் கரைப்பானின் ஆவி நிறைந்திருக்கும். தண்ணீரை இறைக்க பெட்ரோல் எஞ்சினை உள்ளே இறக்கினால் கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாடையே கிடையாது. காற்றில் ஆக்சிஜன் சாதாரணமாக 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் குறைபாடு என்று கணக்கு. இதை மீட்டர்தான் சொல்லும், அதுவும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்த்தால்தான் சொல்லும். இறங்கிய பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் சகதியைக் கிளறும்போதுதான் அடைபட்டிருந்த வாயு கிளம்புகிறது.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத்துக்கான தேசிய நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்றில், இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது. இதைப் படித்த பிறகு நான் இந்த வகைத் திட்டத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டார், மேலே நிற்பவர் என்ன செய்வார்? "உடனடியாக மீட்கவும்" என்று எழுதியிருந்தால் அந்தத் தாள் இரண்டாவது ஆளையும் உள்ளே அனுப்புகிறது. "இறங்கக் கூடாது" என்று எழுதினால் மட்டும் போதுமா என்றால், போதாது. கண்ணெதிரே கூடவேலை செய்தவர் விழுந்து கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க யாராலும் முடியாது. அவர் கைக்கு ஒரு வேலை வேண்டும். வாய்க்கு மேல் முக்காலி, அதில் வின்ச், கயிறு, உள்ளே இருப்பவர் உடம்பில் ஹார்னஸ் என்று இருந்தால் மேலே நிற்பவர் சுற்றத் தொடங்கலாம். அந்தக் கருவி இல்லாத திட்டத்தில் "இறங்கக் கூடாது" என்ற வரி காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. இறங்கித்தான் ஆக வேண்டுமா? தரைத்தொட்டியில் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வை மாற்ற, அந்தக் குழாயின் யூனியனை (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) கழற்றி முழுக் குழாயையும் மேலே தூக்கிவிட்டால் வேலை தரையில் முடிந்துவிடும். அடைப்பை மேலிருந்தே ஜெட்டிங் இயந்திரத்தால் எடுக்கலாம். இறங்காத வேலைக்கு மீட்புத் திட்டம் தேவையில்லை. அந்தக் குழாயைத் தூக்க யூனியனும் இடமும் வைத்துக் கட்டவில்லை என்றால் அந்தத் தப்பு பிளம்பருடையது இல்லை, வரைபடம் போட்டவருடையது.

தாளை மாற்றிய கதை

அந்த மணிக்கட்டு விஷயத்துக்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு மாற்றம் செய்து பார்த்தோம். நான்கு பக்கத்தை ஒதுக்கிவிட்டு அரைப் பக்கம். அதில் ஒரு வெற்றுக் கட்டம். வேலை செய்யப்போகிறவர் அந்தக் கட்டத்தில் குழாயின் பாதையைத் தன் கையால் வரைய வேண்டும். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எங்கெங்கே கிளை பிரிகிறது. ஒவ்வொரு முனையிலும் மூன்று விஷயம்: அங்கிருந்து என்ன வரலாம், அதை எது தடுக்கிறது, அங்கே யாரிடம் சொல்லியாயிற்று. அவ்வளவுதான். அந்த நான்-ரிட்டர்ன் வால்வை இப்படி வரைந்திருந்தால் கோடு மேலே போய்த் தொட்டியில் முடியும். தொட்டியில் ஃப்ளோட் இருக்கிறது என்று வரைகிறவருக்கு நினைவு வரும். ஃப்ளோட்டிலிருந்து ஒரு வயர் பேனலுக்கு இறங்கும். பேனலுக்கு வந்துவிட்டால், யாரும் போட முடியாதபடி அதற்கு ஒரு பூட்டு.

முதலில் எதிர்ப்பு. "படம் வரையவா நாங்க வந்தோம்?" என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் குழாயின் பாதையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. வரைய ஆரம்பித்ததும் எங்கள் அலுவலக வரைபடத்தில் இல்லாத கிளைகளெல்லாம் வந்தன. ஒரு குளிர்நீர்க் குழாயில் மேல்தொட்டியைத் தவிர நேரடி அழுத்தப் பம்பும் சேர்ந்திருந்தது அப்படித்தான் தெரிந்தது. ஒரு வால்வை அடைத்தால் தண்ணீர் நிற்கும் என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த குழாய் அது.

அழுத்தச் சோதனையிலும் இது கைகொடுத்தது. பிளாஸ்டிக் குழாய்களைக் காற்றழுத்தத்தில் சோதிக்கக் கூடாது என்று குழாய் செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள். தண்ணீர் அழுந்துவதில்லை, உடைந்தால் ஒரு பீய்ச்சலோடு அழுத்தம் இறங்கிவிடும். அழுந்திய காற்று விரிந்துகொண்டே வரும், குழாய்ச் சில்லுகளையும் முனையை அடைக்கும் எண்ட் கேப்பையும் தூக்கி எறியும். எனினும் கம்ப்ரசர் கைக்கு எட்டினால் காற்றுதான் வசதி என்று தோன்றும். படத்தில் எண்ட் கேப்புகளைக் குறிக்கச் சொன்னோம். ஒன்று பெயின்டர்கள் வேலை செய்துகொண்டிருந்த அறையின் சுவரில் முகம் உயரத்தில் வந்தது. அதைக் குறித்த பிளம்பரே கம்ப்ரசரை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தண்ணீர் விடச் சொன்னார், முதலில் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். கொஞ்ச நாளில் படங்களுக்கு ஜெராக்ஸ் வர ஆரம்பித்தது. ஒரு தளத்துக்கு வரைந்ததையே எல்லாத் தளத்துக்கும் ஒட்டினார்கள். தாள் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்புவதற்கான குறுக்குவழியும் கூடவே பிறந்துவிடும். இடத்துக்குப் போய்த்தான் வரைய வேண்டும், பென்சிலாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிப் பார்க்கிறோம். பாதி வேலையில் நிலைமை மாறினால், வாஷர் மாற்றப் போனவர் சுவரை உடைக்க வேண்டி வந்தால், நிறுத்திவிட்டுப் புதிதாக வரைய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதைத்தான் யாரும் மதிப்பதில்லை. தண்ணீர் நிறுத்தப்பட்ட வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது பென்சிலை எடுப்பது சுலபம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தகராறு பூட்டைப் பற்றி. பேனல் சுவிட்சை ஆஃப் செய்து, வேலை செய்கிறவர் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அமுக்கி மோட்டார் ஓடவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ரெஞ்சைத் தொட வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. இதுவரை சரி. ஒரு நாள் ஒருவர் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். கட்டடம் முழுக்கத் தண்ணீர் இல்லை, போனும் எடுக்கவில்லை. மறுநாளே மாற்றுச் சாவி ஒன்று அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் மாற்றுச் சாவி தொங்கினால், தண்ணீர் வரவில்லை என்று நான்காவது போன் வந்ததும் யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு கீழே போவார். 1989-இல் வந்த அமெரிக்கப் பணியிட விதி இதற்கும் வழி வைத்திருக்கிறது. பூட்டுப் போட்டவர் வளாகத்தில் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், அவரைத் தொடர்புகொள்ள முயல வேண்டும், அவர் மறுபடி வேலைக்கு இறங்கும் முன் பூட்டு எடுக்கப்பட்டதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். இவற்றைச் செய்துவிட்டுத்தான் நிர்வாகம் பூட்டை எடுக்கலாம். நான் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறேன். எடுப்பதாக இருந்தால் கட்டரால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், வெட்டியவர் யார் என்று பதிவேட்டில் கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு பூட்டு வீணாகிறது என்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதுதான் முதல் விஷயம். மாற்றுச் சாவி வேண்டாம் என்று பிளம்பர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் என்னிடம் இருக்கிறது.